சுன்வாவின் பதிவேட்டில் பதினேழாம் பக்கம்

அனுப்புநர்:
ஹாய்னி மோர்டென்சன்,
தீவனப் படகோட்டி, சால்மன் மீன் பண்ணை,
கீழ்க்கரை வீடு,
ஸ்கார்வோய் தீவு,
ஃபாரோ தீவுகள்.

பெறுநர்:
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
குருதிப் பதிவகம்,
டோர்ஸ்ஹவுன்.

பொருள்: என் மகள் சுன்வா, வயது பதின்மூன்று, எலும்புப் புற்றுநோயாளி. ஏழு ஆண்டுகளுக்கு முன் தங்கள் பதிவகம் எடுத்த குருதியின் மரபணு முடிவை முத்திரை நீக்கி, அவளுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் உடனே கொடுக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை:
1. என் மனு, நாள் ஆகஸ்ட் 18.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் செப்டம்பர் 1.
3. என் மனு, நாள் செப்டம்பர் 4.
4. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் செப்டம்பர் 25.

மதிப்புக்குரிய அம்மையீர்,

வணக்கம். இது என் மூன்றாவது மனு. முதல் மனுவுக்கு, பெற்றுக்கொண்டோம், குழு கூடும்போது பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. அதுவரை காத்திருக்க முடியாது என்று எழுதிய இரண்டாவது மனு, வெள்ளைப் படிவத்தில் இருப்பதால் ஏற்க இயலாது, நீலப் படிவத்தில் அனுப்புக என்று திரும்பி வந்தது. நீலப் படிவத்தில் காரணம் எழுத நான்கு வரி இடம் விட்டிருக்கிறார்கள். அதற்குள் அடங்காததால் "இணைப்பைக் காண்க" என்று எழுதிவிட்டு இதை இணைத்திருக்கிறேன். நான் படகோட்டுகிறவன். மனு எழுதிப் பழக்கமில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுவது அதைவிடப் பழக்கமில்லை. எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. சென்ற ஆண்டு மார்ச்சில் சுன்வாவின் இடது தொடை எலும்பில் புற்று இருப்பது தெரிந்தது. இங்கே அதற்கு வைத்தியம் இல்லாததால் கோபன்ஹேகனில் ஒரு மருத்துவமனையில் பதினான்கு மாதம் இருந்தோம். காலைக் காப்பாற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. நோய் நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. இனி வீட்டில் இருக்கட்டும் என்று ஜூன் மாதம் அனுப்பிவைத்தார்கள். அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை, முடிந்ததையெல்லாம் செய்தார்கள். என் மகள் சாகப் போகிறாள் என்பதை மாற்றச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. சாகும்வரை அவளுக்கு வலிக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

2. அந்த மருத்துவமனையில் வலியை எண்ணால் கேட்பார்கள். ஒன்றுமில்லை என்றால் பூச்சியம், பொறுக்கவே முடியாவிட்டால் பத்து. சுன்வா முதல் நாளிலிருந்து நான்கு என்றாள். எங்கள் தீவில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட நான்குக்கு மேல் சொல்லமாட்டார். என் தகப்பனார் வலை இழுக்கும் பொறியில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுக் கரைக்கு வந்தபோது, கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்த்த வீடு எங்களுடையது. சுன்வா அழாத பிள்ளை என்று நானும் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

3. அவளுக்குக் கோடீன் மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் நான்கு என்றாள். அளவைக் கூட்டினார்கள், அப்போதும் நான்கு. மாத்திரைக்கு முன்னும் பின்னும் எண் மாறாவிட்டால் வலி உடம்பில் இல்லை, பயத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டி, மனநல ஆலோசகரை அனுப்பினார்கள். நல்ல பெண். சுன்வாவோடு ஒரு வாரம் படம் வரைந்தார்.

4. இதில் என் பங்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எங்கள் தீவில் அந்த மாத்திரைக்குச் சுண்ணாம்புக்கட்டி என்று பெயர். ஆடு ஓட்டும்போது மலையில் வழுக்கி என் கால் உடைந்த வருடம் எனக்கும் கொடுத்தார்கள். தின்றதும் தெரியவில்லை, தின்னாததும் தெரியவில்லை. மாத்திரை என்றாலே அவ்வளவுதான், மீதியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆகையால், "அப்பா, இது ஒண்ணுமே பண்ணலப்பா" என்று சுன்வா சொன்னபோது நான் சொன்ன பதில் இது: "யாருக்கும் ஒண்ணும் பண்ணாதும்மா. முழுங்கிட்டுப் படு." இதை நான் சொன்னது ஒரு முறை அல்ல. எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

5. எலும்பு அறுவைக்குப் பின் மூன்று நாள் நரம்பு வழியாக மார்ஃபின் ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் சுன்வா சொன்ன எண் ஒன்று. நாலாம் நாள் மார்ஃபினை நிறுத்தி மறுபடி கோடீன் கொடுத்தார்கள். எண் மறுபடி நான்கு. அந்தக் குழாயைத் திரும்பப் போடுவார்களா என்று அவள் கேட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தனக்கு எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று சரியாகவே சொன்னது. அதை அவர்கள் ஆசை என்று எழுதிக்கொண்டார்கள்.

6. நான் செய்த அடுத்த தவறு. நான்கு என்று சொன்னால் இவர்கள் காதில் ஏறாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, இனி கேட்டால் ஒன்பது என்று சொல், அப்போதுதான் கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். நம் மொழியில்தான் பேசினேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த செவிலியின் தாயாருக்குச் சொந்த ஊர் நம் தீவுகள் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் சுன்வா கஷ்டப்பட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒன்பது என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய எண் அது. என் கணக்கில் அது பத்துக்கு மேல் இருக்கும். மறுநாள் அவளுடைய மருத்துவப் பதிவேட்டின் பதினேழாம் பக்கத்தில் இப்படி எழுதப்பட்டது: "தந்தை சொல்லிக்கொடுத்தபடி எண்ணை உயர்த்திச் சொல்கிறாள். மார்ஃபின் மீது நாட்டம். எச்சரிக்கை தேவை."

7. அந்த ஒரு வரி எங்களோடு கப்பலேறித் தீவுக்கு வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் நிரந்தர மருத்துவர் பதவி இரண்டு ஆண்டுகளாகக் காலி. டென்மார்க்கிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருவர் வருகிறார், போகிறார். வட்டாரச் செவிலி பியோர்க் அம்மையார், படகு ஓடினால், செவ்வாயும் வெள்ளியும் வருவார். அவருக்குச் சுன்வாவைத் தெரியும், நம்புகிறார். ஆனால் மார்ஃபின் கொடுக்கத் தொலைபேசியில் மருத்துவர் உத்தரவு வேண்டும். நான் கூப்பிடும்போது ஒவ்வொரு புதிய மருத்துவரும் அன்பாகத்தான் பேச ஆரம்பிக்கிறார். பேசிக்கொண்டே பதிவேட்டைத் திறந்து பார்க்கிறார். அவர் பதினேழாம் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்பது எனக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். கோடீனையே இன்னும் ஒன்று சேர்த்துக் கொடுங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்பார்கள். இதுவரை பேசிய ஏழு பேரில் ஆறு பேர் அப்படிச் சொன்னார்கள்.

8. ஏழில் ஒருவர் மட்டும் வேறு. ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமை, அவருடைய கணினி பழுதாகி இருந்தது. பதிவேட்டைத் திறக்க முடியவில்லை. வயதானவர். "பிள்ளை என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்டார். தலையணை முனையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்றேன். ஹெலிகாப்டரில் மார்ஃபின் வந்தது. இரண்டரை நாளுக்குப் போதுமான அளவு. அந்த இரண்டரை நாளில் சுன்வா ருபார்ப் கேக் இரண்டு துண்டு தின்றாள். தலை வாரும் விஷயத்தில் தாயோடு சண்டை போட்டாள். வேலிவரை தூக்கிப்போகச் சொல்லி, தன்னுடையது என்று அடையாளத்துக்குக் காது வெட்டிவிட்ட ஆட்டைப் பார்த்து, இது ரொம்பக் கொழுத்துவிட்டது, அப்பாவை மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். எங்கள் பிள்ளை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது போல இருந்தது. செவ்வாய்க்கிழமை கணினியைச் சரிசெய்துவிட்டார்கள்.

9. அதே மாதம் பதினைந்தாம் தேதி, டோர்ஸ்ஹவுனில் தச்சு வேலை பார்க்கும் என் அண்ணன் ரெக்வி வந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். தங்கள் பதிவகம் அனுப்பிய கடிதம். மூன்று ஆண்டு அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. கோடீன் தானாக வலியைப் போக்குவதில்லை, உடம்பு அதை மார்ஃபினாக மாற்றினால்தான் போகும், அப்படி மாற்றித் தரும் மரபணு ரெக்வியிடம் வேலை செய்யவில்லை, நெருங்கிய உறவினருக்கும் இப்படி இருக்கலாம், நம் தீவுகளில் இப்படிப்பட்டவர்கள் மற்ற நாடுகளைவிட அதிகம் என்று அதில் எழுதியிருக்கிறது. என் மனைவி மார்யுனுக்கும் எனக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு மார்யுன் எழுந்தாள். அடுப்படிக்குப் போய், மேசையில் இருந்த மாத்திரைப் பெட்டியை எடுத்து அடுப்பில் போட்டாள். சுன்வா சொன்னதெல்லாம் உண்மை. அவளுக்கு நாங்கள் இத்தனை நாள் சுண்ணாம்புக்கட்டி கொடுத்துவிட்டு, பொறுமையைப் போதித்திருக்கிறோம்.

10. அப்படியானால் சுன்வாவின் முடிவும் தங்களிடம் இருக்கும். ஏனென்றால் ஏழு ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு வழிபாடு முடிந்ததும், எங்கள் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு ஊர் முழுவதும் குருதி எடுத்தீர்கள். காபி கொடுத்தீர்கள். படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. உடல்நலம் குறித்து ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு ஹானுஸ் சொன்னான்: "ஆம்னு போட்டுத் தொலைக்காதடா. உன் தாத்தா நிஜமா யாருன்னு எழுதி அனுப்பிடுவான். அப்புறம் என் மலைப் பங்குல உனக்கும் ஆடு பிரிச்சுக் குடுக்கணும்." வரிசையே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது உண்மைதான். நாற்பது பேர் உள்ள தீவில் ஒருவன் இரத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது அடுத்த வீட்டுக்காரன் இரத்தத்தை எட்டிப்பார்ப்பதுதான். எங்களுக்கு அது மரியாதை இல்லை. என்னுடையதில் இல்லை என்று குறியிட்டேன். அதே பேனாவால் சுன்வாவினுடையதிலும் குறியிட்டேன். ஆறு வயது அவளுக்கு. தன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வார்களா என்று கேட்டாள். தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்றேன். வெளியூரில் குடியேறிவிட்ட ரெக்வி மட்டும் டோர்ஸ்ஹவுனில் ஆம் என்று போட்டார்.

11. இனி அலுவலகங்களின் கதை. குருதியை மறுபடி சோதிக்குமாறு மருத்துவமனையைக் கேட்டேன். முடிவு ஏற்கெனவே பதிவகத்தில் இருக்கும்போது மறுசோதனைக்கு விதியில்லை, அங்கே கேட்டுப் பெறுக என்றார்கள். தங்களைக் கேட்டேன். இல்லை என்ற குறியை நீக்கக் குழு கூட வேண்டும், குழு நவம்பர் 28 அன்று கூடும், பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் அவளே விண்ணப்பித்தும் பெறலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மையீர், அந்தக் கடிதத்தை எழுதியவரிடம் எனக்குக் கோபம் இல்லை. விதிப்புத்தகத்தில் இருப்பதை எழுதியிருப்பார். ஆனால் பதினெட்டு வயது என்ற இடத்தை என் மனைவி படிக்காமல் இருக்க, அந்தத் தாளை என் படகில் வைத்திருக்கிறேன். அவள் உயிருக்கு மருத்துவமனை சொன்ன கெடு முதல் உறைபனி. பியோர்க் அம்மையார் என்னிடம் தனியாகச் சொன்னது நான்கு வாரம்.

12. ஒருவர் முடிவைத் திறந்தால் ஊராரின் அந்தரங்கமும் வெளியாகும் என்றும் தங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அது நியாயமான வரி. ஆகையால் வீடு வீடாகப் போனேன். என் வாழ்நாளில் நான் யாரிடமும் எதுவும் கேட்டு ஒரு கதவைத் தட்டியதில்லை. கையெழுத்துப் போடும் வயதில் எங்களையும் சேர்த்து முப்பத்துநான்கு பேர் இருக்கிறார்கள். முப்பத்துநான்கு பேரும் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து ஹானுஸுடையது. அவன் என் முகத்தைப் பார்க்காமல், "ஆடு வேணும்னா நாலு ஓட்டிக்கிட்டுப் போடா. பேப்பர இப்படிக் குடு" என்றான். எங்கள் ஊர் தன் இரத்தத்தைப் பற்றி யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எழுதிக்கொடுத்தது இதுதான் முதல் முறை. இதற்கு விதியில் மதிப்பு இல்லை என்று தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த பெண் சொன்னாள். இருந்தாலும் இணைத்திருக்கிறேன்.

13. இதை எழுதுகிறேன் என்று சுன்வாவுக்குத் தெரியும். அவளிடம் கேட்காமல் அவள் பெயரில் இன்னொரு தாளை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நான் பொய் சொல்லலன்னு மட்டும் எழுதுப்பா. வலிக்குதுன்னெல்லாம் எழுத வேணாம்." இரண்டாவதை நான் கேட்கவில்லை. முதலாவதை எழுதிவிட்டேன்.

ஆகவே அம்மையீர் அவர்களிடம் நான் வேண்டுவது:

(அ) குழு கூடும்வரை காத்திராமல், கண்காணிப்பு அலுவலருக்கு உள்ள அதிகாரத்தால் சுன்வாவின் முடிவை மட்டும் திறந்து, பணியில் இருக்கும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு தாள் இருந்தால் அவள் மார்ஃபின் கேட்பது நாட்டம் ஆகாது. அவளுக்கு வேலை செய்யும் மருந்தைக் கேட்கிறாள் என்று ஆகும்.

(ஆ) பதிவேட்டில் எழுதியதை அழிக்கச் சட்டம் இடம் தராது, சேர்த்து எழுதலாம் என்று அறிந்தேன். அப்படியானால் பதினேழாம் பக்கத்தில், அந்த வரிக்கு மேலே, கண்ணில் படும்படி இந்த முடிவை எழுதுமாறு மருத்துவமனைக்குப் பரிந்துரைக்க வேண்டும். கூடவே, எண்ணை உயர்த்தியது தகப்பன், பிள்ளை அல்ல என்றும் எழுதலாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

(இ) தங்கள் உத்தரவு வருவதற்குள் அவள் போய்விட்டால், தேவை முடிந்துவிட்டது என்று கோப்பை மூடி என் மனுவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். அப்போதும் திறக்க வேண்டும். அப்போதும் எழுத வேண்டும். அவள் சொன்னது உண்மை என்று எங்காவது ஓரிடத்தில் ஒரு அரசாங்கத் தாளில் இருக்க வேண்டும்.

இந்த மனு வெள்ளிக்கிழமைப் படகில் வரும். வானிலை அறிக்கை படகு ஓடாது என்கிறது. ஓடினாலும், தங்கள் மேசையில் எனக்கு முன்னால் எத்தனை கோப்பு இருக்கிறதோ தெரியாது. தாங்கள் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. நாள் போதாது என்றுதான் நினைக்கிறேன். போதாது என்று தெரிந்தும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பதில் வரும் என்ற நம்பிக்கை இல்லாமலும், படகுத்துறைக்குப் போகாமல் இருக்க முடியாமலும்,

(ஒப்பம்)
ஹாய்னி மோர்டென்சன்,
சுன்வாவின் தகப்பன்.

இடம்: ஸ்கார்வோய்
நாள்: அக்டோபர் 9

இணைப்புகள்:

1. நான் குறியிட்ட படிவத்தின் நகல்.

2. என் அண்ணன் ரெக்விக்குத் தங்கள் பதிவகம் அனுப்பிய கடிதத்தின் நகல், அவர் சம்மதத்துடன்.

3. பதிவேட்டின் பதினேழாம் பக்கம், நகல்.

4. ஊரார் முப்பத்துநான்கு பேரின் கையெழுத்து.

5. சுன்வா இன்று காலை பத்து மணிக்குத் தன் கையால் வலி எண் எழுதிய தாள். எழுத அவளுக்கு வெகுநேரம் ஆனது. எழுதியிருக்கும் எண் நான்கு. தயவுசெய்து அதை நான்கு என்று படிக்க வேண்டாம்.